ஊர்தியைக் காக்கும் மின்பூச்சு

ஆனி பிறந்தால் புனேயில் மழைக்காலம். நான்கு திங்கள் நனையும் இரும்பைத் துரு விட்டுவைக்குமா? பிம்ப்ரியிலும் சாக்கனிலும் உருவாகும் ஊர்திகளுக்குக் கண்ணைக் கவரும் மேற்பூச்சு அழகு தரும். அதன் அடியில் மறைந்து கிடக்கும் மின்பூச்சே துருவைத் தடுக்கும் முதற்காவலன். நம்மிற் பலர் நாளை அத்தொழிற்சாலைகளில் பணியேற்கக் கூடும். ஆகவே, வேதியியல் பயிலும் நான், அப்பூச்சின் தரம் எவற்றைப் பொறுத்தது என்பதை இங்கு விளக்க முற்படுகின்றேன்.

கூழ்மத் துகள்கள் மின்புலத்தில் நகரும் எனப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1807இல் மாஸ்கோவில் ராய்ஸ் என்னும் அறிஞர் களிமண் துகள்களில் கண்ட உண்மை அது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் அதனை ஊர்திப் பூச்சுக்குப் பயன்படுத்தியது. இன்று, பாஸ்பேட் படலம் ஏற்ற ஊர்தியுடல், எதிர்மின்வாயாக வண்ணத் தொட்டியில் மூழ்குகிறது. அதன் பரப்பில் நீர் பகுபட்டு ஹைட்ரஜன் வெளிப்படுகிறது, காரத்தன்மை மிகுகிறது. நேர்மின்னேற்றத்துடன் வந்த பிசின் துகள்கள் அக்காரத்தால் மின்னேற்றம் இழந்து இரும்பின்மேல் படிகின்றன.

இனி, தரத்தை முடிவு செய்யும் காரணிகளைக் காண்போம்.

மின்னழுத்தம்: பெரும்பாலும் 200 முதல் 350 வோல்ட். குறைந்தால் கதவின் உட்குழிகளைப் பூச்சு எட்டாது. மிகுந்தால் ஹைட்ரஜன் குமிழிகள் பெருகி, படலத்தில் ஊசித்துளைகளை உண்டாக்கும்.

வெப்பநிலை: ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். மிகுந்தால் படலம் இளகித் தடிக்கும், குறைந்தால் மெலியும். பாயும் மின்சாரமே தொட்டியைச் சூடாக்குவதால் இடைவிடாது குளிர்விக்க வேண்டும்.

அமிலநிலை: பி.எச். மதிப்பு 6ஐ ஒட்டி நிற்றல் நன்று. குறைந்தால் படிந்த படலமே மீண்டும் கரையும். உயர்ந்தால் பிசின் தொட்டியிலேயே திரிந்து வீழும்.

காலம்: 2 அல்லது 3 நிமிடம். படலம் வளர வளர மின்தடை மிகும். ஆதலால் 20 மைக்ரான் அளவில் வளர்ச்சி தானே தளரும். பின்னர் மின்சாரம் பூச்சேறாத இடங்களை நாடிச் செல்லும்.

இறுதியாக, ஒட்டாத வண்ணத்தைக் கழுவி, 170 டிகிரி அளவில் 20 நிமிடம் சுட்டால்தான் பிசின் இறுகும். தொடக்கத்திலேயே எண்ணெய்ப் பசை நீங்காவிடின் இத்தனையும் வீண்.

நண்பர்களே! மின்னழுத்தத்தைக் கூட்டினாற் போதும், பூச்சு சிறக்கும் என்று எண்ணுதல் பொருந்தாது. ஒரு காரணியை மாற்றுமுன் மற்றவற்றை அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத உட்குழியில்தான் பெரும்பாலும் துரு தொடங்குகிறது. நம் கல்விக்கும் அங்கேதான் தேர்வு.