கடைக் கணக்கைக் கையில் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு

ஜவுளிக்கடை, நகைக்கடை, இனிப்புக்கடை என்று எங்கோ ஓரிடத்தில் இன்ஸ்டாகிராமும் பேஸ்புக்கும் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். ரீல் எடுக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கைக் காப்பாற்றுவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

1. முதல் நாளே கேளுங்கள்: இந்தக் கணக்கு யாருடைய மெயிலில், யாருடைய நம்பரில் இருக்கிறது? பல முதலாளிகளுக்கே தெரியாது. முன்பு வேலை பார்த்த பையன் தன் சொந்த ஜிமெயிலில் திறந்திருப்பான். இன்று அவன் வேறு ஊரில் இருப்பான். கடைக்கென்று ஒரு மெயில், கடையை விட்டு வெளியே போகாத ஒரு சிம், இரண்டும் முதலாளி பெயரில். அதற்கு மாற்றிய பிறகு முதல் பதிவைப் போடுங்கள். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் விட்டுப்போகக் கூடாது. நம் நாட்டில் முடங்கிய எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் கடையின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனில் போய் விழும்.

2. ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் வைத்திருப்பது கல்லாச் சாவியை நாலு நகல் எடுத்துக் கொடுப்பது போலத்தான். பேஸ்புக் பேஜிலும் யூடியூப்பிலும் அவரவர் ஐடியிலேயே உள்ளே வர வழி இருக்கிறது. முழு அதிகாரம் முதலாளிக்கும் அவர் நம்பும் இன்னொருவருக்கும் போதும். நீங்கள் எடிட்டராக இருங்கள். 2013 ஜனவரியில் பிரிட்டனின் எச்.எம்.வி. நிறுவனம் ஆட்களை வேலையிலிருந்து எடுத்த அன்று, அதன் சொந்த ட்விட்டர் கணக்கிலேயே அதை நேரலையாக எழுதினார் ஓர் ஊழியர். ட்விட்டரை எப்படி மூடுவது என்று மார்க்கெட்டிங் இயக்குநர் கேட்டதையும் அங்கேயே பதிவிட்டார். அந்த ஊழியர் மீது எனக்குக் கோபமில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று நிர்வாகம் ஒருநாளும் யோசிக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

3. இரட்டைச் சரிபார்ப்பை எல்லாக் கணக்கிலும் போடுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஓடிபியைவிட ஆத்தென்டிகேட்டர் ஆப் பாதுகாப்பானது. நம் எண்ணையே வேறு சிம்முக்கு மாற்றி வாங்கிவிடும் திருடர்கள் இருக்கிறார்கள். 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி.யின் எக்ஸ் கணக்கு இப்படித்தான் பறிபோனது. பிட்காயின் ஈ.டி.எஃப்.க்கு அனுமதி கொடுத்ததாகப் பொய் அறிவிப்பு வந்தது. லாகின் செய்யச் சிரமமாக இருக்கிறது என்று 2023 ஜூலையில் இரட்டைச் சரிபார்ப்பை நிறுத்தச் சொன்னவர்கள், கணக்கு பறிபோகும்வரை மறுபடி போடவே இல்லை. போன் மாற்றும்போது நீங்களும் ஒருநாள் நிறுத்துவீர்கள். இருட்டுவதற்குள் திரும்பப் போட்டுவிடுங்கள். பேக்கப் கோடுகளை அச்செடுத்துக் கடை லாக்கரில் வையுங்கள்.

4. வாட்ஸ்ஆப்புக்கு ஆறு இலக்கப் பின். எந்தெந்தக் கம்ப்யூட்டரில் அது திறந்திருக்கிறது என்று வாராவாரம் பாருங்கள்.

5. “காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் பேஜ் நீக்கப்படும்” என்று மெட்டாவின் பெயரில் செய்தி வரும். தீபாவளி விற்பனை நேரத்தில் வந்தால் கை நடுங்கும். லிங்க்கைத் தொடாதீர்கள். ஆப்பைத் திறந்து உள்ளேயே பாருங்கள். உண்மையாக இருந்தால் அங்கே எழுதியிருக்கும்.

6. விளம்பர ஒப்பந்தம் என்று மெயிலில் வரும் ஃபைல் இன்னும் ஆபத்து. 2023 மார்ச்சில் லினஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனல், ஒன்றரைக் கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள் கொண்டது, அப்படியொரு ஃபைலைத் திறந்ததால் கைமாறியது. ஏற்கெனவே திறந்திருந்த லாகினையே அந்த ஃபைல் திருடிக்கொண்டதால் பாஸ்வேர்டும் ஓடிபியும் திருடனுக்குத் தேவைப்படவே இல்லை. டெக்னாலஜியே தொழிலாக உள்ளவர்களுக்கு நடந்தது இது. கணக்கு திறந்திருக்கும் கம்ப்யூட்டரில் தெரியாத ஃபைலைத் திறக்காதீர்கள்.

7. கணக்கு பறிபோய்விட்டால் முதலாளியிடம் உடனே சொல்லுங்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வாடிக்கையாளர் பணம் போகும். விளம்பரக் கணக்கில் இணைத்த கார்டை வங்கியில் சொல்லி முடக்குங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, அந்தப் பக்கத்தில் வரும் கியூஆருக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். யாருடைய பணமாவது போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். கணக்கை அந்தந்த ஆப்பின் மீட்பு வழியில் மட்டும் கேளுங்கள். “ஐயாயிரம் கொடுங்கள், மீட்டுத் தருகிறேன்” என்று கமெண்டில் வருகிறவர்களும் திருடர்களே.