மின்சாரம் கடத்தும் மையும் நமது காரீயமும்

கணனி கீபோர்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பலவற்றில் விசைகளின் கீழ் செப்புக் கம்பி இல்லை. பிளாஸ்டிக் தாளில் வெள்ளித் துகள் கலந்த மையால் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். நம்மவர்கள் டீசேர்ட் அடிக்கும் அதே ஸ்கிரீன் பிரின்டிங்தான். சீனி வருத்தக்காரர் இரத்தம் பார்க்கும் பட்டிகள் பலவற்றில் இருப்பதோ கரி மை.

வெள்ளி உருக 961 பாகை செல்சியஸ் வேண்டும். நனோ அளவுக்கு நுணுக்கினால் 150 பாகையளவிலேயே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாங்கக்கூடிய பிளாஸ்டிக்கில் அச்சிடலாம். ஆனால் வெள்ளி விலையைச் சொல்லவா வேண்டும்? ஆகவேதான் கிரபீன் மையைத் தேடுகிறார்கள். அது வெள்ளியளவு கடத்தாது என்பதையும் மறக்கக் கூடாது.

கிரபீனைக் காரீயத்திலிருந்து எடுக்கலாம். குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ, கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கங்களின் காரீயம் தூய்மைக்குப் பெயர்போனது. நாமோ அதைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்து வந்திருக்கிறோம். கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம் இக்காரீயத்தை ஆராய்ந்துள்ளது. விபரம் கேட்கத் தூரம் போகவேண்டியதில்லை.

அச்சகம் வைத்திருப்பவர்கள் உடனே பெருந்தொகை போடவேண்டாம். சிறு போத்தல் மை எடுத்து ஒரு கோடு அச்சிட்டு, சூட்டில் காயவைத்து, மல்டிமீற்றரால் தடையை அளவுங்கள். தாளை நூறு தடவை வளைத்துவிட்டு மீண்டும் அளவுங்கள். தடை வெகுவாக ஏறினால் போத்தலோடு நிறுத்திக்கொள்ளலாம்.