விளக்கு தெரியாத படம்

நம் கிளையின் கேமராவை மாற்றலாமா வேண்டாமா என்று செயலவையில் இரண்டு மாதமாகப் பேச்சு நடக்கிறது. கேமரா என் வீட்டில்தான் இருக்கிறது. அதனால் "அதோட நல்லது கெட்டதை நீயே எழுதிக் கொடுத்திடு தம்பி" என்று தலைவர் சொல்லிவிட்டார். எழுதுகிறேன். ஆனால் நான் கெடுத்த ஒரு வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். அங்குள்ள மாரியம்மன் கோயிலை வேறு நிலத்துக்கு மாற்றப் போகிறார்கள். பழைய இடத்தில் அதுதான் கடைசித் திருவிளக்கு பூஜை. ஐம்பது, அறுபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விளக்கேற்றினார்கள். நடுவில் மண்டபத்தின் மின்விளக்குகளை அணைத்துவிட்டார்கள். குத்துவிளக்கு வெளிச்சம் மட்டும்தான். அந்தக் காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் படத்தில் அது இல்லை.

என்ன நடந்தது என்றால், நான் கேமராவை 'ஆட்டோ'வில் வைத்திருந்தேன். இருட்டைப் பார்த்ததும் மேலே இருக்கும் சின்ன பிளாஷ் தானாக எழும்பிவிட்டது. முன்வரிசை முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. பின்னால் ஒரே கறுப்பு. சுடர் எல்லாம் வெளிறிப்போய், விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. அடுத்த வாரம் படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என்னப்பா, விளக்க அணைச்சிட்டா புடிச்ச?" என்று கேட்டார். அவர் பிறந்ததும் கல்யாணம் பண்ணியதும் அந்தத் தோட்டத்தில்தான். எனக்குப் பதில் வரவில்லை.

கேமராவைக் குற்றம் சொல்ல முடியாது. அதன் கையேட்டை நான் பிரித்ததே இல்லை.

நம்மிடம் இருப்பது நிக்கான் டி90, 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சின்னக் கேமராவுக்கும், பத்திரிகைக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலையும் பெரிய கேமராவுக்கும் நடுவில் நிற்பது. 12.3 மெகாபிக்சல். "அதுதானா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நம் சுவரொட்டிக்கும் இந்த இதழின் அட்டைக்கும் அது தாராளம். மெகாபிக்சலைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

பகலில் இந்தக் கேமரா சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. தைப்பூசத்தன்று பத்துமலையில் காலையிலிருந்து மத்தியானம் வரை எடுத்தேன், பேட்டரி மாற்றவே இல்லை. ஒரு முறை சார்ஜ் செய்தால் 850 படம் என்பது தயாரிப்பாளர் கணக்கு. பிளாஷை அதிகம் போடாவிட்டால் அதையும் தாண்டும். வினாடிக்கு 4.5 படம் எடுக்கும். காவடி ஒரு சுற்றுச் சுற்றும்போது முகம் நம் பக்கம் திரும்பும் அந்த நொடி எப்படியாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும். பின்பக்கத் திரை 3 அங்குலம், தெளிவு பிரமாதம். கூர்மை சரியா தப்பா என்று அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிடலாம். கைப்பிடியில் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. ஒன்று ஷட்டர் வேகத்துக்கு, மற்றது லென்ஸ் திறப்புக்கு. சின்ன மாடல்களில் ஒரு சக்கரம்தான். பழகிவிட்டால் கண்ணை எடுக்காமலேயே மாற்றலாம்.

உச்சி வெயிலில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டியே எடுக்கும் குணம் இதற்கு உண்டு. வெள்ளை வேட்டி, பால்குடம் இதெல்லாம் விவரமில்லாமல் வெளுத்துப் போகும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி -0.7 வைத்துக்கொள்ளுங்கள். படிகள் ஏறும்போது இன்னொன்றும் தெரியும். லென்ஸோடு சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல் எடை. 272 படி முடிவதற்குள் கழுத்து வலி சொல்லிவிடும்.

இப்போது கெட்டது. காணொளி எடுக்கக்கூடிய முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா இதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் முதலாவது என்பதால் குறைகளும் ஏராளம். உயர்தரத்தில் ஒரு துண்டு 5 நிமிஷம்தான், அதற்குமேல் தானாக நின்றுவிடும். பதிவு ஓடும்போது தானாகக் கூர்மை பிடிக்காது, நாம்தான் கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒலி ஒற்றைத் தடம், வெளி மைக் செருக இடமில்லை. கேமராவை வேகமாகத் திருப்பினால் தூணெல்லாம் சாய்ந்து நெளியும். அன்றைக்குத் தோட்டத்துக் கோயிலில் தீபாராதனையைக் காணொளியாக எடுக்கிறேன் என்று நின்றேன். சரியாக ஆரத்தி தூக்கும்போது அது நின்றிருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மணியோசையோடு முடிந்துவிட்டது. என்னைக் கேட்டால், பேச்சுப் போட்டியையும் கலை இரவையும் எடுக்க ஒரு சாதாரண வீடியோ கேமராவை யாரிடமாவது இரவல் வாங்குவதே மேல்.

மழைக்கும் இது ஆகாது. தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு எதுவும் உடலில் இல்லை. நம் ஊர் சாயங்கால மழையைச் சொல்லவே வேண்டாம். பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும் வைத்திருக்கிறேன்.

இருட்டு விஷயத்துக்கு வருவோம். நம் நிகழ்ச்சிகளில் பாதி இருட்டில்தானே நடக்கின்றன.

இந்தக் கேமராவோடு வந்த 18-105 லென்ஸ் பல வேலைக்கு ஆகும். ஆனால் அதன் திறப்பு சின்னது. முழுசாக இழுத்தால் எஃப் 5.6. வெளிச்சம் போதாதபோது கேமராவுக்கு மூன்றே வழிதான். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம், ஆள் அசைந்தால் படம் கலங்கும். ஐஎஸ்ஓவை ஏற்றலாம். 1600 வரை பயமில்லை, 3200இல் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டும் முடியாவிட்டால் பிளாஷ். அந்தச் சின்ன பிளாஷ் ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6இல் எட்டுவது சுமார் 3 மீட்டர். என் படத்தில் முன்வரிசை வெளுத்து, பின்வரிசை மறைந்ததற்குக் காரணம் இதுதான். கூர்மை பிடிக்கும் புள்ளிகள் 11 உண்டு, ஆனால் மங்கலான இடத்தில் நம்பத்தக்கது நடுப்புள்ளி ஒன்றே. மற்றவை முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், அதற்குள் பூஜை முடிந்துவிடும்.

எங்கள் டவுனில் பழைய ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அங்கிளிடம் இதையெல்லாம் புலம்பினேன். அவர் அலமாரியைத் திறந்து பிலிம் காலத்து 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். உள்ளங்கை அளவுதான். "போட்டுப் பாருடா" என்றார். போட்டேன், உடனே வேலை செய்தது. காரணம், டி90இன் உடலுக்குள்ளேயே கூர்மை பிடிக்கும் மோட்டார் இருக்கிறது. டி5000 போன்ற சின்ன மாடல்களில் அது கிடையாது. அவற்றில் இந்த மாதிரிப் பழைய லென்ஸைப் போட்டால் கையால்தான் திருப்ப வேண்டும். நடுத்தரக் கேமரா வாங்குவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் இதுதான். விளம்பரத்தில் இதைக் கொட்டை எழுத்தில் போடமாட்டார்கள்.

எஃப் 1.8 என்றால் அந்த மற்ற லென்ஸைவிடப் பல மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். வெள்ளிக்கிழமை பூஜைக்கு அதை எடுத்துப் போனேன். பிளாஷை அமுக்கி மூடிவிட்டு, ஐஎஸ்ஓ 1600, நடுப்புள்ளி, வெளிச்சம் -1 என்று வைத்தேன். சுற்றிலும் இருட்டாக இருந்தால் கேமரா எல்லாவற்றையும் பகல் மாதிரி ஆக்கப் பார்க்கும். அந்த -1தான் சுடரைச் சுடராக வைக்கிறது. விளக்கேற்றும் ஒரு அக்காவின் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் அப்படியே விழுந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இது அந்தத் தோட்டம் இல்லையே.

குறையும் சொல்கிறேன். இந்தக் கேமராவின் உணரி சின்னது என்பதால் 50 மில்லிமீட்டர், 75 மாதிரி நெருக்கிக் காட்டும். சிறிய சந்நிதியில் பின்னால் நகர இடமில்லாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். நமக்கு 35 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ்தான் பொருந்தும்.

சிலர் கேட்பது டி7000. நல்ல கேமராதான், மறுக்கவில்லை. கூர்மைப் புள்ளி 39, காணொளி முழு எச்டி, மைக் செருகலாம். மெமரி கார்டு இரண்டு போடலாம், எனக்கு ஆசை அதன்மேல்தான். ஒரு கார்டு கெட்டாலும் படம் பிழைக்கும். ஆனால் அதே மங்கலான லென்ஸைப் போட்டு, அதே 'ஆட்டோ'வில் வைத்து எடுத்தால் அந்தப் பாட்டி அதே கேள்வியைத்தான் கேட்பார். அந்தக் கேமரா புதிதாக விற்றபோது அதற்கு ஆன காசில் 35 லென்ஸுக்குக் கால்வாசிகூட வரவில்லை. மிச்சத்தில் ஈரம் காக்கும் பெட்டி ஒன்று வாங்கலாம். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டால் துடைத்து எடுப்பது லேசில்லை. இப்போது மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுத்தான் சமாளிக்கிறேன்.

என் ஓட்டு லென்ஸுக்கு. முடிவு செயலவையின் கையில். அதுவரை பழக நினைப்பவர்கள் ஞாயிறு மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வரலாம். சொந்த மெமரி கார்டு கொண்டு வாருங்கள். விளக்கும் எண்ணெயும் அம்மா தருகிறேன் என்றிருக்கிறார். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு எடுத்துப் பார்ப்போம்.