குஞ்சு வாங்காதீர்கள், அடைக்கோழி வாங்குங்கள்

தாம்பரம் பக்கம் வீட்டில் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் சாயக் குஞ்சில்தான் தொடங்குகிறார்கள். சந்தையிலோ, தெருவில் கூடையோடு வருபவரிடமோ பச்சையும் ரோஸுமாகக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பொரிப்பகங்களில் முட்டையிடாது என்று கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். தாயின் சூட்டை அறியாமல், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் வந்து சேர்பவை. வாங்கிய வாரத்திலேயே ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். என்னைக் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஏற்கெனவே ஓர் ஈடு குஞ்சு பொரித்து வளர்த்த, சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக்கோழி ஒன்றை வாங்குங்கள். மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பல வருஷமாக நடக்கும் கோழி வளர்ப்பு அப்படி வந்த ஒரு கோழியில் தொடங்கியதுதான்.

சிறுவிடை வருஷத்துக்கு அறுபது, எண்பது முட்டைதான் இடும். ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். வனராஜா, கிராமப்பிரியா போன்ற கலப்பின ரகங்கள் அதைவிடக் கூடுதலாக முட்டை இடும். ஆனால் அடை உட்காரும் குணம் அவற்றில் ஏறக்குறைய இல்லை. பெருவிடை அடை உட்காரும் என்றாலும் உடல் கனத்தில் முட்டையை மிதித்து உடைக்கக்கூடும். முட்டை மட்டும் போதும் என்பவர்கள் கலப்பின ரகம் வாங்கலாம். குஞ்சும் வேண்டும், அதுவும் இன்குபேட்டர், பல்பு என்று கரண்டை நம்பாமல் வேண்டும் என்றால் சிறுவிடைக்கு ஈடில்லை.

அடுத்து, சேவல் தேவையா? பெட்டைக் கோழி முட்டை இடுவதற்குச் சேவல் வேண்டாம். முட்டை பொரிவதற்குத்தான் வேண்டும். அரை கிரவுண்டு மனையில், ஜன்னலுக்கு ஜன்னல் முட்டும் வீடுகளுக்கு நடுவே, விடிகாலை மூன்று மணிக்குக் கூவும் சேவலை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரோடு சுமுகமாக இருப்பது கஷ்டம். நான் சேவல் வைத்துக்கொள்வதில்லை. கோழி அடைக்கு உட்கார்ந்ததும் அகரம்தென் பக்கம் சேவலோடு கோழி வளர்க்கும் ஓர் அம்மாவிடம் போய்ச் சேவல் பட்ட முட்டை வாங்கி வருவேன். ஒவ்வொரு ஈட்டுக்கும் முட்டை வெளியிலிருந்து வருவதால் நெருங்கிய உறவில் இனம் சேர்ந்து குஞ்சுகள் நோஞ்சானாவதும் இல்லை.

முட்டையைப் பார்த்து எடுக்க வேண்டும். ரொம்பச் சின்னது, ரொம்ப நீளமானது, ஓட்டில் முடிச்சு விழுந்தது எல்லாம் வேண்டாம். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும், கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய், கிருமி உள்ளே இறங்கிவிடும். வெயில் காலத்தில் நான்கைந்து நாளுக்கு மேற்பட்ட முட்டையை நான் அடை வைப்பதில்லை. அதுவரை ஈர மணலில் அமர்த்திய மண்பானைக்குள் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, மெல்லிய துணியால் மூடி வைப்பேன்.

அகன்ற மூங்கில் கூடையில் மூன்று விரல் உயரத்துக்கு மணல், அதன்மேல் வைக்கோல், அதற்குள் ஒரு கைப்பிடி வேப்பிலையும் நொச்சியிலையும். கோழிச்செல் ஏறிவிட்டால் எவ்வளவு நல்ல தாயும் அடையைவிட்டு எழுந்துபோய்விடும். இந்த இலைகள் அதற்குத்தான். அகரம்தென் அம்மா ஒரு கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் சேர்த்துத் தருவார். "இடி இடிச்சா முட்டை கலங்கிடும் கண்ணு, இத உள்ள போட்டு வையி" என்பார். நானும் வாங்கிப் போட்டு வைக்கிறேன், அவர் சொல்லுக்காக. இருட்டிய பிறகு கோழியைத் தூக்கி வந்து கூடையில் அமர்த்தி, முட்டைகளை ஒவ்வொன்றாக வயிற்றுக்கடியில் தள்ள வேண்டும். பத்து, பன்னிரண்டு முட்டை அளவு. பகலில் இடம் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும்.

ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சின்மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்தி கால் விரித்தாற்போல் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு பிடித்திருக்கிறது. தெளிவாக மஞ்சளாகத் தெரிவதை எடுத்துவிடலாம். விட்டு வைத்தால் கூமுட்டையாகி உள்ளேயே வெடித்து மற்றதையும் கெடுக்கும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள். இருபத்தோராம் நாள் ஓட்டில் கீறல் விழும். குஞ்சு வெளிவரத் திணறுகிறதே என்று ஓட்டை உரிக்காதீர்கள். ரத்தநாளம் வற்றுமுன் உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துப்போகும்.

முதல் இரண்டு மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள் வைத்துக் கம்பு நொய், கேழ்வரகு போடுவேன். கறையான் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சணல் சாக்கும் திணித்துத் தண்ணீர் தெளித்து, கறையான் இருக்கும் மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் ஏறியிருக்கும். தாய் கொக்கரித்துக் கூப்பிடுவதும் குஞ்சுகள் விழுந்தடித்து ஓடி வருவதும் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. காக்கை, பூனை, கீரி மூன்றும் எங்கள் பகுதியில் உண்டு. காக்கையைத் தாயே விரட்டும். கீரிக்கு நெருக்கமான கம்பிவலைதான் வழி.

இவ்வளவும் செய்து, தடுப்பூசியை விட்டுவிட்டால் எல்லாம் வீண். வெள்ளைக் கழிச்சல் ஒரு தெருவில் நுழைந்தால் ஒரே வாரத்தில் கூடுகள் காலியாகிவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இந்தியாவில் 1920-களின் பிற்பகுதியில் இமயமலையில் உள்ள ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் ராணிக்கேட் நோய் என்றும் பெயர். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு மருந்தில்லை. தடுப்பூசிதான் வழி: குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு கண்ணிலோ மூக்கிலோ, நான்காம் வாரம் அதையே இன்னொரு முறை, எட்டு வாரம் ஆனதும் இறக்கையடியில் ஆர்2பி ஊசி. சின்னக் குஞ்சுக்கு ஆர்2பி போடவே கூடாது. மருந்துக் குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டுவர வேண்டும். கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கான மருந்து இருப்பதால், தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்கிறோம். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் நடத்துகிறது. இலவசம்தான், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செத்த கோழியை ஏரிக்கரையில் வீசாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வீசிய ஒரு கோழி நாய் வழியாகவும் காக்கை வழியாகவும் ஊர் முழுக்க நோயைக் கொண்டுபோகும்.

ஐப்பசி, கார்த்திகையில் நான் அடை வைப்பதே இல்லை. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய மழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளே மூழ்கின. அப்படிப்பட்ட வருஷம் அபூர்வம் என்று விட்டாலும், சாதாரண வடகிழக்குப் பருவமழையே குஞ்சுகளுக்கு எமன். தரையில் பரப்பிய உமி நனைந்தால் ரத்தக் கழிச்சல் கிருமி பெருகும். தேங்கிய தண்ணீரில் கொசு பெருகிக் கோழி அம்மையைப் பரப்பும். கூட்டை இரண்டடியாவது தரையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். உமியை நாள்தோறும் கிளறி, கட்டி தட்டியதை அள்ளிவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். தை பிறந்து அடை வைத்தால் மாசியில் குஞ்சு, சித்திரை வெயில் ஏறுவதற்குள் இறகு முளைத்துத் தேறிவிடும்.

பிறக்கும் குஞ்சில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் இருக்கும். கூவத் தொடங்கும் பருவத்தில் அவற்றைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம், சிலவற்றைச் சமைக்கிறோம். இதற்கு மனம் ஒப்பாதவர்கள் அடை வைக்காமல் இருப்பதே நல்லது.

குஞ்சு வேண்டாத சமயத்தில் கோழி அடைக்கு உட்கார்ந்தால் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் ஊர் வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். அடியில் காற்றுப் போகும் கம்பிவலைக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் கொடுத்து வைத்தால் மூன்று நான்கு நாளில் அடை தெளிந்துவிடும். கோழியைப் பிடிக்கும்போதும் அதை வதைக்க வேண்டியதில்லை, இருட்டிய பிறகு பிடியுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அமைதியாக வரும். இறக்கை இரண்டையும் உடலோடு அணைத்து, மறு கையை நெஞ்சுக்கடியில் கொடுத்துத் தூக்குங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அதற்கு மூச்சு முட்டும்.

முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள். தேதியை விசாரித்துக்கொண்டு போங்கள். பூந்தமல்லி பக்கத்திலும் ஒரு காட்டுப்பாக்கம் உண்டு, அது வேறு. நீங்கள் போக வேண்டியது ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரி பக்கம் இருப்பது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினால் பொத்தேரியிலேயே இறங்கிக்கொள்ளலாம்.