கட்டச்சினும் விமென்டினும்: ஹட்டன் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

தேயிலையின் கட்டச்சின், மனித விமென்டினில் ஒட்டுகிறதா என்று பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளை இந்தக் கேள்வியைக் கையில் எடுத்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். பச்சைத் தேயிலையின் பிரதான கட்டச்சினான ஈஜிசிஜி விமென்டினில் ஒட்டும் என்று 2005இலேயே ஒரு குழு எழுதிவிட்டது. அதைப் படி, ஆனால் உன் குழாயில் நடப்பதை நீயே பார்.

விமென்டின், கலத்தின் உருவத்தைத் தாங்கும் இழைப் புரதம். மனித மரபணுவை ஈ. கோலை பக்டீரியாவுக்குள் வைத்தால் தாராளமாகச் செய்து தரும், ஆனால் கரையாத கட்டியாக. 8 மோலார் யூரியாவில் கரைத்துச் சுத்தம் செய்து, பிறகு யூரியாவைப் படிப்படியாக அகற்றுவார்கள். யூரியா கரையும்போது முகவை சில்லென்று ஆகிவிடும், கரையவும் நேரமெடுக்கும். சூடாக்கக் கை துருதுருக்கும். சூடாக்காதே. சூட்டிலும் பழைய கரைசலிலும் சயனேட் உண்டாகிப் புரதத்தின் லைசீன்களில் ஏறிவிடும். ஜெல்லில் பட்டை அதே இடத்தில்தான் நிற்கும், உனக்குச் சந்தேகமே வராது.

புரதத்தை விலைக்கு வாங்கினாலும் அது இழையாகிறதா என்று பார்த்துவிடு. உப்பு சேர்த்த சில விநாடிகளில் சுமார் 60 நானோமீற்றர் நீளத் துண்டுகள் உருவாகி, பிறகு முனையோடு முனை சேர்ந்து நீளும். இலத்திரன் நுணுக்குக்காட்டி கிடைக்காவிட்டால் ஒஸ்வால்ட் பாகுமைமானி போதும்.

கட்டச்சின் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. பெக்டரியில் ரோலரில் நசுங்கிய கொழுந்து செம்பு நிறமாவதைக் கண்டிருப்பாய். இலையின் நொதியம் கட்டச்சினை ஒட்சியேற்றும் வேலை அது. உன் குழாயில் அதற்கு நொதியமே தேவையில்லை. விமென்டினை வைத்திருக்கும் பிஎச் 8.4 ட்ரிஸ் கரைசலில் ஈஜிசிஜி தானாகவே பழுப்பாகும், ஐதரசன் பேரொட்சைட்டும் பிறக்கும். அப்படி ஒட்சியேறிய மூலக்கூறு, விமென்டினில் இருக்கும் ஒரேயொரு சிஸ்டீனைப் பிடித்துக்கொள்ளக்கூடும். நீ அதை 'தேயிலை வேலை செய்கிறது' என்று எழுதிவிடுவாய்.

ஆகவே கட்டச்சினை அன்றன்றைக்குக் கரை. அந்தப் பேரொட்சைட்டைச் சிதைக்கும் கட்டலேஸ் சேர்த்த குழாய் ஒன்றும், விமென்டினுக்குப் பதில் மாட்டு அல்புமின் வைத்த குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அல்புமினிலும் அதே அளவு ஒட்டினால் அது விமென்டினைப் பற்றிய சேதியே அல்ல. அளவையும் கவனி: தேநீர் குடித்தவர் இரத்தத்தில் ஈஜிசிஜி பெரும்பாலும் 1 மைக்ரோமோலாருக்குக் கீழேதான், 100இல் கண்டதை வைத்து மருந்து என்று பேசாதே.

இவ்வளவு கண்டிப்பு ஏனென்றால், பரவும் புற்றுநோயோடு விமென்டினின் பெயர் அடிபடுகிறது. நாளை யாராவது உன் வரைபடத்தைத் தேயிலைப் பைக்கற்றில் அச்சடித்தால், அதை நம்பிக் காசு கொடுப்பது லயத்தில் நோயாளியை வைத்திருக்கும் குடும்பம்.

இலையின் வேதியியலில் சந்தேகம் வந்தால் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கேள். 1925இல் தொடங்கிய நிலையம், உனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அல்புமின் குழாயின் முடிவையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்