ஆவணப்படங்கள்: கொட்டியாரக் குடாவிலிருந்து கான் வரை – முக்கியக் குறிப்புகள்

குச்சவெளிப் பக்கத்துப் பரீட்சார்த்திகளுக்கு: இந்தப் பகுதியைப் பெயரும் ஆண்டுமாக மனனம் செய்தால் ஒரு கிழமையில் எல்லாம் கலந்துபோகும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கேள்வி கேட்டுப் படியுங்கள். காசு போட்டது யார்? படத்தில் பேசுவது யாருடைய குரல்?

தொடக்கம்

• 'நானூக் ஒஃப் த நோர்த்' – 1922. இயக்கம் ரொபர்ட் ஃபிளாஹர்ட்டி. கனடாவின் இனுயிட் மக்களைப் பற்றியது. பனிவீட்டுக்குள் கமராவுக்கு வெளிச்சம் போதாததால் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டே படம் பிடித்தார்கள். நானூக் கிராமபோன் இசைத்தட்டைக் கடித்துப் பார்ப்பதும் சொல்லிச் செய்வித்த காட்சிதான். "உள்ளது உள்ளபடி" என்று விடை எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

• ஜோன் கிரியர்சன்: பிரித்தானிய ஆவணப்பட இயக்கத்தின் முன்னோடி. சொந்தப் படம் 'டிரிஃப்டர்ஸ்' (1929), வடகடல் மீனவர் பற்றியது.

• தமிழர் பங்களிப்பு: ஏ. கே. செட்டியார் பல நாடுகளுக்கும் போய்த் துண்டு துண்டாகப் படச்சுருள் சேர்த்து உருவாக்கிய காந்தி ஆவணப்படம், 1940. 'குமரிமலர்' இதழின் ஆசிரியரும் இவரே.

'சோங் ஒஃப் சிலோன்' (1934)

இலங்கை பற்றிய ஆவணப்படங்களில் அதிகம் பேசப்படுவது இதுதான். எங்கள் திருகோணமலை மாவட்டத்தோடு இதற்கு உள்ள தொடர்பைப் பாடக்குறிப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

• இயக்கம் பேசில் ரைட். தயாரிப்பு கிரியர்சன். இசை வால்டர் லீ. குரல் கொழும்பின் லயனல் வென்ட். இவர் பியானோக் கலைஞர், புகைப்படக் கலைஞர், பின்னாளில் '43 குழு' என்ற ஓவியர் அமைப்பின் தூண்களில் ஒருவர். பின்னாளில் இயக்குநரான லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த ஆண்டில் அவர் பள்ளிச் சிறுவன்.

• பணம் தேயிலைப் பிரசாரச் சபையுடையது. கேட்டது நான்கு சிறு பயணப்படங்கள். ரைட் கொடுத்தது நான்கு பகுதிகள் கொண்ட, ஏறத்தாழ 40 நிமிடப் படம் ஒன்று. 1935 பிரஸல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு.

• வென்ட் வாசிப்பது ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை. இந்த நொக்ஸ் பிடிபட்ட இடம் கொட்டியாரக் குடா, மூதூர்ப் பக்கம். புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற கப்பல் பழுதுபார்க்க அங்கே ஒதுங்கியது. 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரான தகப்பனையும் 19 வயது மகனையும் பிடித்துக் கண்டிப் பக்கம் கொண்டுபோனார்கள். தகப்பன் அடுத்த ஆண்டே இறந்தார். மகன் 1679இல் மன்னார்ப் பகுதி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சேர்ந்தார். ஆக, தேயிலைக்காக எடுத்த படத்தின் வசனம், தேயிலை இந்தத் தீவுக்கு வர வெகுகாலம் முன்பே எழுதிய ஒரு கைதியின் நூலில் இருந்து வந்தது.

• மூன்றாம் பகுதியைக் கட்டாயம் பாருங்கள். திரையில் யானை மரத்தைத் தள்ளுகிறது; காதில் சந்தை விலையும் கப்பல் விபரமும் வாசிக்கும் வணிகக் குரல்கள். படமும் ஒலியும் ஒன்றையொன்று கேலி செய்யும் இந்த உத்திக்காகவே உலகத் திரைப்படப் பாடநூல்களில் இதற்கு இடம் உண்டு.

• என் தீர்ப்பு: அழகில் குறையில்லை, ஆனால் கொழுந்து பறிக்கும் மலையகப் பெண்களுக்கு இதில் குரல் இல்லை, லயத்து வாழ்க்கை பற்றி ஒரு வார்த்தை இல்லை. விமர்சன வினா வந்தால் காசு போட்டவரையும் பேசாதவரையும் சேர்த்து எழுதுங்கள்.

அரச திரைப்படப் பிரிவு

• இலங்கையில் தொடக்கம் 1948. இந்தியாவின் 'ஃபிலிம்ஸ் டிவிஷன்' அதே ஆண்டு.

• லெஸ்டர் அங்கே எடுத்த 'கொன்குவெஸ்ட் இன் த ட்ரை சோன்' (1954) வறண்ட வலயத்தில் மலேரியாவை ஒடுக்கியது பற்றியது. பிறகு விலகி 'ரேகாவ' (1956) எடுத்தார். மலேரியா அற்ற நாடு என்ற உலக சுகாதார நிறுவனச் சான்று இலங்கைக்குக் கிடைத்தது 2016.

போரும் நினைவும்

• 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' (2005), கனடா தேசியத் திரைப்படச் சபை. இயக்கம் ஹெலன் குளோடாவ்ஸ்கி. 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவரும் யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளருமான ராஜினி திராணகம பற்றியது. அவர் கொல்லப்பட்டது 1989 செப்டெம்பர் 21. பின்னணிக் குரல் மைக்கல் ஒண்டாச்சி. தாயாக நடித்தவர் மகள் ஷாரிகா.

• 'டீமன்ஸ் இன் பரடைஸ்' – ஜூட் ரட்ணம், 2017 கான் விழாச் சிறப்புத் திரையிடல். 1983 கலவரத்தில் ஐந்து வயதுச் சிறுவனாக ரயிலில் வடக்குக்கு ஓடியவரே இயக்குநர். தமிழ் இயக்கங்கள் செய்ததையும் கேள்வி கேட்பதால் நம்மவர்களிடமே கோபம் வாங்கிய படம்.

• 'ஷோவா' – குளோட் லான்ஸ்மன், 1985. ஒன்பது மணித்தியாலத்துக்கும் மேல். யூத இனப்படுகொலை பற்றியது, ஆனால் பழைய படச்சுருள் ஒரு துண்டும் இல்லை. இருப்பது சாட்சிகளின் பேச்சும் இன்றைய இடங்களும்.

இசை

• 'பாலா' (1976): பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி பற்றி சத்யஜித் ராய் எடுத்தது.

• 'புவெனா விஸ்டா சோஷல் கிளப்' (1999): கியூபாவில் மறக்கப்பட்டிருந்த முதிய இசைக்கலைஞர்கள், இயக்கம் விம் வெண்டர்ஸ்.

• 'லட்சோ ட்ரோம்' (1993): டோனி காட்லிஃப். ராஜஸ்தானிலிருந்து ஸ்பெயின் வரை ரோமா மக்களின் பாடல் வழி. உரையாடல் மிகக் குறைவு.

• இசைக்கு வெளியே ஒன்று: 'த எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' (2022). முதுமலை யானைக்குட்டிகளும் அவற்றை வளர்த்த தம்பதியும். 2023 ஒஸ்கார், குறும் ஆவணப்படப் பிரிவு.

கடைசியாக ஒரு திகதி: ஒக்டோபர் 27, ஒலி-ஒளி மரபுரிமைக்கான உலக தினம், யுனெஸ்கோ. கரைவலை இழுக்கும்போது மடி கரைசேரும் வரை பாடுகிற அம்பாவும் அந்த மரபுரிமைதான். உங்கள் வீட்டிலோ அயலிலோ அம்பா தெரிந்த பெரியவர், பழைய சம்மாட்டி யாரும் இருந்தால், கைத்தொலைபேசியில் அவர் பாட்டையும் பேச்சையும் அவர் சம்மதத்தோடு பதிந்து, பாடியவர் பெயர், ஊர், திகதி மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.