விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் அனுகூலமான செயலிகள்

அனுப்பம்பட்டு முதல் பழவேற்காடு ஏரிக்கரை வரையிலுள்ளோர் தத்தம் கைபேசியில் அவசியம் வைத்துக்கொள்ளத் தக்க செயலிகள் நான்கு. இவை யாவும் இலவசமாய்க் கிடைப்பன.

1. தாமினி: புனே வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்தது. சுற்றிலும் 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் அபாயம் இருப்பின் அறிவிக்கும். அறிவிப்புக் கண்டவுடன் வயலையும் நீரையும் விட்டுக் கட்டடத்துள் புகவேண்டும், மரத்தடியில் ஒதுங்கலாகாது.

2. மேகதூத் (2019): செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் ஜில்லாவாரியாக மழைக்குறிப்பும் பயிர் யோசனையும் தரும். மழை வருமெனில் யூரியா இடுவதையும் மருந்து தெளிப்பதையும் ஒத்திவைப்பின் பணம் வீணாகாது.

3. உழவன் (2018): தமிழக அரசாங்கத்தாருடையது. மானியம், பயிர்க் காப்பீடு, உர இருப்பு, சந்தை விலை ஆகியவற்றை இதிற் காணலாம்.

4. ஃபிஷர் பிரண்ட்: எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாருடையது. அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் தெரிவிக்கும். முகத்துவாரம் கடந்து கடலுக்குச் செல்வோர் படகு தள்ளுமுன் பார்த்தல் வேண்டும். கரையை விட்டகன்றபின் கைபேசித் தொடர்பு அற்றுப்போகும்.

தாமினி பயன்பட, இணையத் தொடர்போடு இருப்பிடம் காட்டும் வசதியும் திறந்திருத்தல் அவசியம். எச்சரிக்கை கண்டும் இன்னும் ஒரு முறை வலை வீசிப் பார்ப்போமெனத் தாமதிப்பவருக்கு எச்செயலியாலும் பயனில்லை.